தந்தை தற்போது இருக்கும் இடம்

பழனியம்மாளின் பிறந்த தேதி எந்தப் பதிவேட்டிலும் சரியாக இல்லை. ஆதார் அட்டையில் 01.01.1978 என்று இருக்கிறது. ஈச்சங்கொட்டாயில் உள்ள முப்பத்தொரு வீடுகளில் பாதிப் பேருக்கு அதே ஜனவரி ஒன்றுதான் பிறந்த நாள். அட்டைக்குப் படம் பிடிக்க வந்தவர் வருஷத்தை மட்டும் கேட்டுவிட்டு மீதியை அவரே போட்டுக்கொண்டார். பழனியம்மாளிடம் ஒருமுறை விசாரித்தேன்.

"எங்கம்மா சாமை அறுக்கப் போன எடத்துல பொறந்தேனாம். சாமைக்கு இன்னா தேதிங்க?" என்று சிரித்தார்.

கல்வராயன் மலையின் கிழக்குச் சரிவில் இருக்கிறது ஈச்சங்கொட்டாய். கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, மலை ஏறத் தொடங்கும் இடத்தில் எங்கள் பள்ளி. ஓர் அறக்கட்டளை நடத்துவது. பத்தாம் வகுப்பு வரை உண்டு. படிப்போடு காலையில் ஒரு வேளை, மதியம் ஒரு வேளை சாப்பாடும் உண்டு. பள்ளிக்கும் ஈச்சங்கொட்டாய்க்கும் ஒற்றையடிப் பாதையில் ஐந்தரை கிலோமீட்டர். எழுபத்திரண்டு வயதில் நான் அதை ஏற இரண்டு மணி பத்து நிமிடம் ஆயிற்று. பழனியம்மாள் பதினான்கு பிள்ளைகளோடு அதை ஒரு மணி இருபது நிமிடத்தில் இறங்கி வருவார்.

அதுதான் அவருடைய வேலை. காலையில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சேர்த்து, பள்ளிக்கு அழைத்து வந்து, மாலையில் திரும்பக் கொண்டுபோய் விடுவது. கணவர் முனியன் பலா பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து இறந்த பிறகு, 2017 ஜூன் 12 அன்று வேலையில் சேர்ந்தார். அப்போது மகன் அஜய் கைக்குழந்தை அல்ல, ஆனால் நடக்க அடம் பிடிக்கும் வயது. முதல் வருஷம் முழுக்க அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே மற்ற பிள்ளைகளை நடத்தி வந்தார்.

எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பாதையில் அவர் வைத்திருந்த ஒழுங்கு எந்த அலுவலகத்திலும் நான் பார்க்காதது. இருப்பதிலேயே சின்னப் பிள்ளை முன்னால் நடக்க வேண்டும். மற்றவர்கள் அதன் வேகத்துக்குத்தான் வர வேண்டும். பெரிய பிள்ளைகள் முணுமுணுத்தால், "நீ ஓடினா நான் யாரப் புடிப்பேன்?" என்பார். வழியில் இரண்டு ஓடைகள். மழை நாளில் முதலில் தான் இறங்கித் தண்ணீர் இடுப்புக்கு எவ்வளவு வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளை இறக்குவார்.

இன்னொன்றும் செய்வார். பள்ளிக்குள் நுழைந்ததும் சமையல்கட்டுக்குப் போய் ஆதிமூலத்திடம் மெதுவாக ஏதோ சொல்லுவார். ஆதிமூலம் எங்கள் சமையல்காரர். ரொம்ப நாள் எனக்கு அது விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது: எந்த வீட்டில் நேற்று அடுப்பு எரியவில்லை என்பதை வீடு வீடாகக் கூப்பிடும்போதே பார்த்து வைத்துக்கொண்டு, அந்தப் பிள்ளைக்கு முதலில் போடச் சொல்லியிருக்கிறார். பேரைச் சொல்ல மாட்டார். "பச்ச ரிப்பன்", "சட்டையில பொத்தான் இல்லாதவன்" என்று அடையாளம் மட்டும்.

நான் இந்தப் பள்ளியில் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்கிறவன். பெயர் அரங்கநாதன். முப்பத்தாறு வருஷம் ரயில்வேயில் வேலை. அதில் இருபத்தாறு வருஷம் சின்னசேலம் ஸ்டேஷனில், வண்டி வந்ததும் போனதும் எத்தனை மணி எத்தனை நிமிடம் என்று எழுதினேன். ஒரு நாள்கூட ஒரு கட்டத்தையும் காலியாக விட்டதில்லை. ஓய்வுக்குப் பிறகு தலைமை ஆசிரியை விஜயலட்சுமி அம்மா கேட்டுக்கொண்டதால் இங்கே வந்தேன். பிள்ளைகள் என்னை 'ரயிலு ஐயா' என்பார்கள். பழனியம்மாளும் அப்படித்தான் கூப்பிடுவார்.

பள்ளி மலருக்குப் பணியாளர் ஒருவரைப் பற்றி எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். பழனியம்மாளைப் பற்றித்தான் எழுதுவேன் என்றேன். அவரைப் பற்றி எழுதினால் நான் செய்ததையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்துப் பலர் இறந்துபோனது எல்லோருக்கும் தெரியும். அதைத் தொடர்ந்து மலையில் போலீஸ் தேடுதல் நடந்தது. சாராயம் காய்ச்சியவன், காய்ச்சாதவன், என்றோ ஒருநாள் மூட்டை தூக்கியவன் என்று பேதமில்லாமல் ஆண்கள் காட்டுக்குள்ளும் வெளியூருக்கும் ஓடினார்கள். வீட்டில் பெண்களும் பிள்ளைகளும் மட்டும். ஜீப் சத்தம் கேட்டால் அவர்களும் சோளக்கொல்லைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். கூலிக்குப் போக வழியில்லை. கடையில் சாமான் வாங்க இறங்கவும் பயம்.

பழனியம்மாள் ஒரு நாளும் நிற்கவில்லை. ஜூலை 8, திங்கட்கிழமை, பதினான்கு பிள்ளைகளோடு ஒன்பது தாய்மார்களையும் அழைத்து வந்துவிட்டார். விஜயலட்சுமி அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பாட்டுக் கொட்டகையைத் துடைக்கச் சொல்லி, பாய் விரித்து, பதினோரு நாள் அங்கேயே அவர்களை வைத்துக்கொண்டார். ஆதிமூலம் முணுமுணுத்தபடியே உலையில் இன்னொரு படி அரிசி போட்டார். "பள்ளிக்கூடமா, கல்யாண மண்டபமா இது? மாப்பிள்ள மட்டும்தான் கம்மி" என்றார். தாய்மார்கள் சிரித்ததை அன்றுதான் நான் பார்த்தேன்.

அறக்கட்டளை இன்னும் உதவ முன்வந்தது. பிள்ளைகளின் நிலைமையை அறிய ஒரு பட்டியல் கேட்டார்கள். தகப்பன் இறந்துவிட்டாரா, வீட்டில் இல்லையா, இருக்கிறாரா. அதைப் பார்த்து அரிசியும் மளிகையும் அனுப்புவார்கள், தேவையானால் வக்கீல் வைப்பார்கள்.

"மூணு கட்டம் போதும் சார்," என்றார் விஜயலட்சுமி அம்மா. "இருக்காரு, இல்ல, இறந்துட்டாரு. ஒரு டிக் போடுங்க. அதுக்கு மேல வேணாம்."

எனக்கு அது அரைகுறை வேலையாகப் பட்டது. 'இல்லை' என்றால் எங்கே? புதுப் பதிவேடு ஒன்றை எடுத்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கடைசியில் நானாக ஒரு கட்டம் சேர்த்தேன். அதன் தலைப்பில் சிவப்பு மையில் எழுதினேன்: தந்தை தற்போது இருக்கும் இடம்.

ஜூலை 24 அன்று மாலை மூன்று ஐம்பதுக்கு, பிள்ளைகள் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது, பழனியம்மாளை உட்கார வைத்து ஒவ்வொரு பெயராகக் கேட்டேன். பத்தாம் வகுப்பு மீனாவின் பெயர் வந்தது. ஈச்சங்கொட்டாயிலிருந்து பத்தாம் வகுப்பைத் தொட்ட முதல் பெண் மீனா. அப்பா கரியன், அம்மா காசியம்மாள்.

"கரியன் எங்கம்மா?"

"எங்கியோ போய்ட்டாருங்க ஐயா."

"எங்கியோன்றது ஒரு ஊரா? நான் இன்னான்னு எழுதறது?"

"ஓடிப்போனவன்னு எழுதிக்கோங்க." சிரித்துக்கொண்டே தலைமுடியை முடிந்தார். பேச்சை அதோடு முடிக்கத்தான் பார்த்தார்.

"ஓடிப்போனவன் வூட்டுக்கு அரிசி மூட்டை எப்படி வரும்? சரியா எழுதினாத்தான் வரும்," என்றேன்.

அது பொய். டிக் போட்டாலே அரிசி வரும் என்று எனக்குத் தெரியும். என் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்பதற்காகப் பசித்த வீட்டின் அரிசியை முன்னால் வைத்துக் கேட்டேன்.

பழனியம்மாள் வாசலைத் திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "மணலூர்பேட்டைல ஆத்தோரம். செழியன்னு ஒருத்தரு கரும்புத் தோட்டம். அங்க சோகை உரிச்சிக்கினு இருக்காரு. காசிக்கும் எனக்கும்தான் தெரியும். மீனாவுக்குக்கூட தெரியாது. எழுதாதீங்க ஐயா, மனசுல வெச்சிக்கோங்க."

"என் மனசும் இந்த நோட்டும் ஒண்ணுதாம்மா," என்றேன்.

"அப்ப சரிங்க," என்றார் அவர்.

கரியன் மீது பழைய வழக்கு ஒன்று இருந்தது. ஐந்து வருஷத்துக்கு முன் யாருக்காகவோ சாராய ஊறலுக்கு வெல்ல மூட்டை சுமந்துபோனார் என்று பிடித்தார்கள். வாய்தாவுக்குப் போக பஸ்ஸுக்கு வழியில்லாமல் போகாமலே விட்டார். அதனால் வாரண்ட் இருந்தது. அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேனா என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். அதையும் ஒரு குறிப்பாக எழுதியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது.

ஆகஸ்ட் 10 சனிக்கிழமை. விஜயலட்சுமி அம்மா கள்ளக்குறிச்சிக்குப் போயிருந்தார். காலை பதினொன்று பத்துக்கு இரண்டு பேர் வந்தார்கள். சாதாரண உடுப்பு. போலீஸ் என்று அட்டையைக் காட்டினார்கள். மலைப்பிள்ளைகள் எத்தனை பேர் வருகிறார்கள், குடும்பங்களுக்குப் பள்ளி என்ன உதவி செய்கிறது என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். ஆதிமூலம் டீ கொடுத்தார். நான் பதிவேட்டை எடுத்து விரித்தேன். எவரும் அதைக் கேட்கவில்லை. நானாகத்தான் விரித்தேன்.

"இப்பிடி ஒரு நோட்டு எங்க ஆபீஸ்லயே இல்ல பெரியவரே," என்றார் ஒருவர். "அச்சு மாதிரி எழுத்து."

எனக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. ஸ்டேஷனில் ஆய்வுக்கு வரும் அதிகாரி ஒருவர் 1994-இல் அப்படிச் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் சொன்னதில்லை. பக்கத்தை அவர் பக்கம் திருப்பி வைத்து, எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று விரலால் காட்டினேன். அவர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். பதினொன்று முப்பத்தைந்துக்குப் போனார்கள். வருகையாளர் ஏட்டில் இரண்டு நேரங்களையும் எழுதினேன்.

மறுநாள் ஞாயிறு விடிவதற்குள் கரும்புத் தோட்டத்துக் கொட்டாயில் கரியனைப் பிடித்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை ஈச்சங்கொட்டாயிலிருந்து அஜய் ஒருவன்தான் பள்ளிக்கு வந்தான், அம்மாவோடு. பழனியம்மாள் நேராக என் மேசைக்கு வந்தார். அவர் கண்ணைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

"ரயிலு ஐயா, நான் சொன்னத யார்ட்டனா சொன்னீங்களா?"

நான் பேனா மூடியைத் திறந்தேன், மூடினேன். "நான் யார்கிட்டயும் வாய் திறக்கலம்மா," என்றேன்.

ஒவ்வொரு சொல்லும் உண்மை. வாயைத் திறக்கவில்லை; விரலால்தான் காட்டினேன். அதைவிடப் பெரிய பொய்யை நான் என் வாழ்நாளில் சொன்னதில்லை.

"அதான, நீங்க சொல்லுவீங்களா? நான்தான் பைத்தியம் மாதிரி கேட்டுட்டேன், மனசுல வெச்சிக்காதீங்க," என்று என்னிடமே மன்னிப்புக் கேட்டார். அன்று மாலை ஊருக்குப் போய், 'ஐயா சொல்லல' என்று எல்லோரிடமும் அடித்துச் சொல்லியிருக்கிறார். தெரிந்தவர்கள் மூன்றே பேர். காசியம்மாள் சொல்லியிருக்க முடியாது. நான் சொல்லவில்லை என்று அவரே சாட்சி சொல்லிவிட்டார். மிச்சம் யார்?

அடுத்த நாளிலிருந்து அவரைக் கண்டால் கதவைச் சாத்தினார்கள். பள்ளியிலிருந்து போன அரிசி மூட்டையைக் காசியம்மாள் வாசலிலேயே போட்டுவைத்தார், அவிழ்க்கவில்லை. அஜயோடு விளையாடக் கூடாது என்று மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தையே ஆள்காட்டி மடம் என்றார்கள். ஆனாலும் பழனியம்மாள் ஒவ்வொரு நாள் காலையும் எல்லா வீட்டு வாசலிலும் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். யாரும் வராமல், அஜயை மட்டும் கூட்டிக்கொண்டு ஐந்தரை கிலோமீட்டர் இறங்கி வருவார். இதையெல்லாம் அஜய் ஆதிமூலத்திடம் சொல்லி, ஆதிமூலம் சொல்லித்தான் நான் அறிந்தேன். பழனியம்மாள் என்னிடம் எதையும் சொல்லவில்லை.

நான் வருகைப் பதிவேட்டில் எழுதுவேன்: ஈச்சங்கொட்டாய், பட்டியலில் 14, வருகை 1. மறுநாளும் 1. ஆகஸ்ட் 12 முதல் செப்டம்பர் 27 வரை முப்பத்திரண்டு பள்ளி நாட்கள். முப்பத்திரண்டு முறை அந்த ஒன்றை எழுதினேன். ஒவ்வொரு முறையும் பழனியம்மாள் எதிரில் நின்று, "இன்னிக்கும் அவன் ஒருத்தன்தாங்க," என்று தான் தப்பு செய்ததுபோலச் சொல்லுவார். சொல்லிவிடலாம் என்று தினமும் நினைப்பேன். காலாண்டுத் தேர்வு முடியட்டும் என்பேன். விஜயலட்சுமி அம்மா என்னை என்ன நினைப்பார் என்று யோசிப்பேன். பிள்ளைகள் இப்போது எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்ற யோசனை அதற்கு அப்புறம்தான் வந்தது. எந்த வரிசையில் யோசித்தேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

இதற்கிடையே பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் வேலை வந்தது. எங்கள் பள்ளி அனுப்ப வேண்டிய கடைசி நாள் அக்டோபர் 18. மீனா வந்து படிவத்தில் கையெழுத்திட வேண்டும், பெற்றோரும் இட வேண்டும். வராவிட்டால் அந்த வருஷம் அவளுக்குப் பரீட்சை இல்லை. அந்த ஊரில் ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்த பெண் மறுபடி பள்ளிக்கு வருவதில்லை. மிளகுத் தோட்ட வேலைக்கோ கல்யாணத்துக்கோ போய்விடுவாள்.

செப்டம்பர் 27, வெள்ளிக்கிழமை மாலை, பழனியம்மாள் விஜயலட்சுமி அம்மாவின் அறைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"டீச்சரம்மா, காலாண்டு லீவு முடிஞ்சி வேற ஆள வெச்சிக்கோங்க. எம்மூஞ்சியப் பாத்தா ஊர்ல ஒரு புள்ள வராது. நான் போய்ட்டா மீனாவாவது வரும். அது படிக்கட்டும்."

"நீ போனா யாரு வருவா? இன்னா பேசற நீ?"

"வேற யாருனா இருப்பாங்கம்மா. நான் வாய வெச்சிக்கினு சும்மா இருந்திருக்கணும். யாராண்ட சொன்னேன்னு எனக்கே தெரியல. தூக்கத்துல சொன்னேனோ இன்னாவோ."

அவர் தன்னையே சந்தேகப்படத் தொடங்கியிருந்தார். அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. பதிவேட்டை எடுத்துவந்து மேசையில் வைத்து, அந்தக் கட்டத்தையும் வருகையாளர் ஏட்டையும் காட்டி, நடந்ததை நேரம் உட்படச் சொன்னேன்.

விஜயலட்சுமி அம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "மூணு கட்டம் போதும்னு சொன்னேனே சார்," என்றார்.

பழனியம்மாள் என்னைப் பார்க்கவில்லை. பதிவேட்டில் அந்த வரியைத் தொட்டு, "இதுவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவரால் படிக்க முடியாத வரியின் மேல் விரலைச் சிறிது நேரம் வைத்திருந்தார். பிறகு, "ஊர்ல வந்து சொல்லுவீங்களா?" என்றார்.

"சொல்றேன்."

"ஞாயித்துக்கெழம வாங்க. எல்லாரும் இருப்பாங்க." அஜயின் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

செப்டம்பர் 29 ஞாயிறு. விஜயலட்சுமி அம்மாவும் நானும் ஏறினோம். சோளம் காயப்போட்டிருந்த களத்தில் இருபது, இருபத்தைந்து பேர் கூடினார்கள். பழனியம்மாள் கடைசியில், ஒதுங்கி நின்றார். அவர் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை.

காசியம்மாளின் தம்பி வேடியப்பன் பீடியை அணைத்தபடி, "ரயிலு ஐயா மலையேறி வந்துட்டாரு. இன்னிக்கு எந்த வண்டிங்க, லேட்டா?" என்றார். சிலர் சிரித்தார்கள்.

நான் நின்றபடியே சொன்னேன். கட்டம் சேர்த்தது, அரிசியைச் சொல்லி வாங்கியது, விரலால் காட்டியது, பழனியம்மாள் கேட்டபோது மறைத்தது. சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

முதலில் பேசியது காசியம்மாள். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். "உன் எழுத்து அழகா இருக்கும்னு எம்பொண்ணு சொல்லும். வூட்ல குந்திக்கினு அது மாதிரியே எழுதிப் பழகும்," என்றார். அவ்வளவுதான். தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்த மீனா உள்ளே போய்விட்டாள்.

பிறகு காசியம்மாள் எழுந்து கூட்டத்தின் கடைசிக்குப் போனார். பழனியம்மாளுக்கு எதிரில் நின்றார். முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"வுடு காசி," என்றார் பழனியம்மாள். "மொதல்ல ஒரு சொம்பு தண்ணி குடு. ஒன்றர மாசமா உன் வூட்டுத் தண்ணி குடிக்கல."

தண்ணீர் வந்தது. அவர் குடித்ததை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு யாரும் தரவில்லை. கேட்கும் தகுதியும் இல்லை.

வேடியப்பன்தான் காரியத்துக்கு வந்தார். "மாமாவுக்கு ஜாமீன் குடுத்து பதினெட்டு நாளாச்சி, இன்னும் ஜெயில்லதான் இருக்காரு. அறக்கட்டளை வக்கீலு நல்லாத்தான் வாதாடினாரு. ரெண்டு பேரு ஜாமீன் கையெழுத்துப் போடணும். ஒண்ணு நான், சொந்தக்காரன். இன்னொண்ணு வூட்டு வரி ரசீது இருக்கற ஆளு வேணுமாம். மலையில எவனாண்ட இருக்குது ரசீது? கீழ ஊருங்கள்ல தெரிஞ்சவங்கள்லாம் போலீஸ் கேஸுன்ன உடனே ஓடறாங்க."

"சின்னசேலத்துல எனக்கு வூடு இருக்குது," என்றேன்.

"போடுவியா?"

"போடறேன்."

"அப்பறம் இன்னொரு நோட்டுல எழுதி அதையும் காட்டுவியா?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டார்.

வீட்டுக்கான சொத்துச் சான்றிதழ் வாங்க ஒரு வாரம் ஆயிற்று. அக்டோபர் 8 அன்று கள்ளக்குறிச்சி நீதிமன்றத்தில் கையெழுத்திட்டேன். "இவரை உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்கள். "இவர் மகள் படிக்கும் பள்ளியில் வேலை செய்கிறேன்," என்றேன். மறுபடியும் உண்மை, மறுபடியும் பாதி.

மறுநாள் காலை சிறை வாசலில் நான், காசியம்மாள், வேடியப்பன். கரியன் ஒரு துணிப்பையோடு வெளியே வந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் வேகமாக வந்து காலில் விழுந்தார்.

"சாமி மாதிரி வந்து கையெழுத்து போட்டீங்க. யாரு பெத்த புள்ளையோ நானு..."

தடுக்கக் குனிந்தேன், முடியவில்லை. காசியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீயே சொல்லு," என்றார் என்னிடம்.

சொன்னேன். கரியன் தரையிலிருந்து எழுந்து முழங்காலைத் தட்டினார். ஒன்றே ஒன்று கேட்டார்.

"மீனா பேருக்கு நேராவா எழுதினீங்க?"

"ஆமாம்."

"எம்பொண்ணு பேருக்கு நேராவா?"

அதற்கும் ஆமாம் என்றேன். பஸ் வந்தது. மூவரும் ஏறிப் போனார்கள். பிடிபட்டதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார் என்று தோன்றுகிறது. மகளின் பெயர் அதற்கு வழியாக இருந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

காலாண்டு விடுமுறையும் ஆயுத பூஜையும் முடிந்து அக்டோபர் 14, திங்கள். பழனியம்மாள் பதின்மூன்று பிள்ளைகளை அழைத்து வந்தார். ஆதிமூலம் கரண்டியோடு வாசலுக்கே ஓடிவந்து, "எம்மாடி, எனக்கு வேல வந்துடுச்சி!" என்று கத்தினார். மீனா வரவில்லை. செவ்வாய் வரவில்லை. புதன் வரவில்லை. கரியன் விடவில்லை என்றார்கள். பழனியம்மாள் மூன்று நாளும் மாலையில் அவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்திருக்கிறார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது.

அக்டோபர் 17, வியாழன். பிள்ளைகளுக்குப் பின்னால் மீனாவும், அவளுக்குப் பின்னால் கரியனும் வந்தார்கள். கரியன் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டார். விஜயலட்சுமி அம்மா போய்க் கூப்பிட்டார்.

"படிவத்த நானே எழுதறேன் கரியா. உள்ள வா. கையெழுத்து மட்டும் போடு."

"வேணாம் டீச்சரம்மா. அவரே எழுதட்டும். நான் பக்கத்துல நின்னு பாக்கறேன்."

நான் படிவத்தை எடுத்து மேசையில் வைத்தேன். கரியன் என் தோளருகே வந்து நின்றார். முதல் கட்டத்தில் பேனாவை வைத்ததும், "இது இன்னா?" என்றார்.

"மாணவி பெயர்."

"ம்."

எழுதினேன். அடுத்த கட்டம்.

"இது?"

"தந்தை பெயர்."

விஜயலட்சுமி அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மீனா அப்பாவின் கையைப் பிடித்தாள்.

"எழுதுங்க," என்றார் கரியன்.

பிறந்த தேதி, தாய் பெயர், மொழி என்று ஒவ்வொன்றையும் கேட்டார். ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டுத்தான் எழுதினேன். எழுத்து அச்சு மாதிரி வரவில்லை. மீனா கையெழுத்திட்டாள். கரியன் பெருவிரலை மையில் வைத்து ஒற்றினார்.

"அவ்ளோதானா? நாங்க போனப்பறம் வேற எதனா சேப்பீங்களா?"

"சேர்க்க மாட்டேன்."

அவர் என்னை நம்பவில்லை. நம்ப வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. அறை வாசலில் நின்ற பழனியம்மாளைத் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா, சேக்க மாட்டாராம். கேட்டுக்கோ."

"கேட்டுக்கினுதான் இருக்கேன்," என்றார் பழனியம்மாள். என்னைப் பார்க்கவில்லை. "நீ வா மீனா, வகுப்பு ஆரம்பிச்சிட்டாங்க."